'ம்' இல்லாத தூக்குச்சட்டி

போன மாதம் ஒரு கட்டிலைச் சும்மா கொடுக்கப் பார்த்தேன். முடியவில்லை.

நல்ல கட்டில். வேங்கை மரம். நாங்கள் போகப் போகிற ஃப்ளாட்டின் லிஃப்டில் ஏறாது, மாடிப்படியில் திரும்பாது. பாளையங்கோட்டையில் இத்தனை வருஷம் இருந்த தனிவீட்டைக் காலி செய்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும் என்று இரண்டே பேர்... சாமான் மட்டும் பன்னிரண்டு பேருக்கு இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் வழி சொன்னாள். பேஸ்புக்கில் நம்ம பக்கத்து ஊர்களுக்கென்றே ஒரு குரூப் இருக்கிறதாம். பெயர் 'சும்மா தாரோம்'. வேண்டாததைப் போட்டோ எடுத்துப் போட வேண்டியது, வேண்டியவர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியது. பைசா பேச்சே கூடாது. எவ்வளவு எளிது!

கட்டிலைப் போட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் முதல் கேள்வி. 'ஏன் சும்மா?'

இடமில்லை என்றேன். 'கரையானா?' இல்லை. 'மூட்டைப்பூச்சியா?' இல்லை. 'அப்புறம் ஏன் சும்மா?' அடுத்து ஒருவர் மிகவும் பணிவாகக் கேட்டார். 'மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கட்டில்ல யாரும் காலமாகலையே?'

எனக்கு வந்ததே கோபம். என் மாமனார் கடைசி ஆறு வருஷம் இதில்தான் படுத்திருந்தார், ஆனால் ஆஸ்பத்திரியில்தான் காலமானார் என்று விளக்கமாகப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை.

ஒரு விலை சொல்லியிருந்தால் இத்தனை கேள்வி வந்திருக்குமா? வந்திருக்காது. பேரம்தான் பேசியிருப்பார்கள். சும்மா என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் நமக்குக் காது விடைக்கிறது.

அடுத்தவரை மட்டும் குறை சொல்வானேன்? நான் வங்கியில் வேலை பார்த்தவள். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ரிடையர் ஆன பிறகும் அந்தக் குணம் ரிடையர் ஆகவில்லை. யாராவது 'இன்ட்ரஸ்டட்' என்று ஒற்றை வார்த்தை போட்டால் உடனே அவருடைய பக்கத்துக்குப் போய் மூன்று வருஷத்துப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு வருவேன். இவர் நிஜமாகவே ஏழையா? வாங்கிக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடையில் போடுகிற ஆளா? மிக்ஸியை வாங்கிப் போன ஒருவர் மறுநாள் போன் செய்து, "ஜார் லீக்காகுது, சர்வீஸுக்கு எப்ப ஆள் அனுப்புதிய?" என்று கேட்டார். அன்றிலிருந்து என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் தடித்தது.

சும்மா கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் சில மரியாதைகள் உண்டு. கொடுப்பவர் பொருளின் குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாங்கியவர் அதை என்ன செய்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்கக் கூடாது. வாங்குபவர் சொன்ன நாளில் வர வேண்டும். வீட்டுக்குள் வந்ததும், "அந்த டேபிள் ஃபேனும் சும்மாவா?" என்று கண்ணை ஓட்டக் கூடாது. இப்படியெல்லாம் குரூப்பில் நானே ஒரு பதிவு போட்டேன். நிறைய லைக் விழுந்தது.

அந்தப் பெருமையோடுதான் தூக்குச்சட்டியைப் போட்டேன்.

எவர்சில்வர். கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிற சைஸ். மூடியின் குமிழ் மட்டும் எப்போதோ கழன்று, அந்த இடத்தில் ஒரு பித்தளைக் குமிழை வைத்து முடுக்கியிருந்தது. 'நல்ல நிலையில் உள்ளது, ஓட்டையில்லை' என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் மெசேஜ். 'இந்த தூக்குச்சட்டி எனக்கு வேணும். தயவுசெஞ்சு வேற யாருக்கும் குடுத்துராதீங்க. நான் வள்ளியூர்லருந்து வாறேன்.' அனுப்பியவர் பெயர் சொர்ணம். முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ.

வள்ளியூரிலிருந்தா? ஒரு பழைய எவர்சில்வர் சட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து யாராவது வருவார்களா? வள்ளியூரில் பாத்திரக்கடையே இல்லையா?

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மெசேஜ். 'சட்டியைத் திருப்பி வச்சு, பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா?'

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"இரிடியம் கும்பலா இருக்கும்ட்டீ. பழைய பாத்திரத்தைத் தேடித்தான் அவனுவ ஊர் ஊரா அலையுதானுவ."

"எவர்சில்வர்ல எங்கேங்க இரிடியம் இருக்கும்?"

"அது அவனுவளுக்குத் தெரியவா போகுது?"

நான் சிரித்தேன். ஆனால் பின்பக்கத்துப் போட்டோவை அனுப்பவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பெயர் இல்லை.

வங்கிக்காரி மூளை வேலை செய்தது. 'பின்பக்கம் என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க' என்று எழுதினேன். இப்போது மாட்டுவாள் பார் என்று ஒரு சின்ன சந்தோஷம் வேறு.

குரல் பதிவாக வந்தது பதில். பின்னால் குக்கர் விசில் அடிக்கிற சத்தம். "இசக்கியம்மாள்னு பேர் வெட்டியிருக்கும்க்கா. ஆனா அதுல 'ம்' இருக்காது. இசக்கியமாள்னுதான் இருக்கும். வெட்டுனவரு அவசரத்துல விட்டுட்டாரு."

சட்டியைத் திருப்பினேன். புள்ளி புள்ளியாய் அதே பெயர். 'ம்' இல்லை.

வேலையில் இருந்த காலத்தில் கையெழுத்து ஒத்துப்போனால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு ஒத்துப்போனதும் இருந்த நிம்மதியும் போனது.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பெயர் அங்கே இருப்பது எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். என் கொழுந்தன் கல்யாணம் முடிந்து மண்டபத்தைக் காலி செய்தபோது, கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு வேனில் அள்ளிப் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்த வாரத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் சாமானை எடுத்துப் போனார்கள். இது மட்டும் நின்றது. யாராவது கேட்டு வருவார்கள் என்று பரணில் வைத்தேன். ஒரு வருஷம் கழித்து இறக்கி அரிசி மாவு போட்டு வைத்தேன். அதே கல்யாணத்தில் எங்கள் வீட்டுப் போணிப் பாத்திரம் ஒன்று காணாமல் போயிருந்தது. அது போச்சு, இது வந்துச்சு என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டேன். பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இதைப் படித்து முடித்ததும் நீங்களும் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாருங்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயர் வெட்டிய டம்ளரோ தட்டோ நிச்சயம் இருக்கும். கரண்டி வாங்கினால்கூட பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்க மாட்டோம். வெட்டிய பெயரை யாரும் எடுத்துப் படிப்பதும் இல்லை.

நான் படித்தேன். படித்துவிட்டு, பெயர் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துத்தான் போட்டோ எடுத்தேன். குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பதிவு போட்டவள்!

சனிக்கிழமை காலையில் சொர்ணம் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான பெண். கழுத்தெல்லாம் வியர்வை. நான் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பெயரைக் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் செல்போனோடு நின்றார்.

உள்ளே வந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உடன்குடி கருப்பட்டி.

"எதுவும் வாங்கக் கூடாதும்மா. குரூப் ரூல்ஸ்" என்றேன்.

"வெறுங்கையோட எப்படிக்கா ஒரு வீட்டுக்கு வாறது?"

என் வீட்டுக்காரர் காதுக்குள் சொன்னார். "இப்பவே வாயில போட்டுராத. என்னத்தையும் கலந்திருப்பாவ."

சொர்ணம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் சட்டி மேல் இருந்தது. தரையில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, அந்தப் பெயரைப் பெருவிரலால் பைய தடவினாள். மூடியைத் தூக்கிப் பித்தளைக் குமிழைத் திருகிப் பார்த்தாள். போட்டோவில் அதை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இருக்கு" என்றாள். "இருக்குல்லாக்கா? நான் சொன்னேம்லா?"

யாரிடம் சொன்னாள்? அதற்குப் பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

சொர்ணத்தின் பிறந்த வீடு திசையன்விளை. கட்டிக்கொடுத்தது வள்ளியூரில். இசக்கியம்மாள் அவளுடைய மாமியார். கல்யாணமாகி ஆறு மாதத்தில், தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவள் கையில் முந்திரிக்கொத்து நிறைத்த இந்தத் தூக்குச்சட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார் மாமியார். அந்தக் கல்யாணம்தான் என் கொழுந்தன் கல்யாணம். பெண் வீட்டுப் பக்கத்துச் சொந்தம் இவர்கள். திரும்பி வரும்போது சட்டி இல்லை.

"மண்டபத்துல கேட்டேன்க்கா. எல்லாம் மாப்பிள்ள வீட்டுக்குப் போயிட்டுன்னாவ. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வாறேன்னு அத்தைகிட்ட சொன்னேன். 'சம்பந்தம் பண்ணுன வீட்டுல போய் சட்டி கேக்கவா? வெக்கக்கேடு. வேண்டாம்'னுட்டாவ."

"சரிதானே? அதோட விட்டாங்களா?"

"எங்கன விட்டாவ! நாலு நாள் கழிச்சு, 'சட்டி மாப்பிள்ள வீட்டுக்கும் போகல, ஒரு வீட்டுக்கும் போகல. திசையன்விளைக்குப் போயிருக்கும்'னு சொன்னாவ. எங்க அம்மா வீட்டுக்கு நான் கடத்திட்டனாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் மாமியார் வாயில் ஒரே வசனம்தானாம். திசையன்விளையில போய்த் தேடு.

"கத்தரிக்கோல் காணலையா, திசையன்விளை. டார்ச் காணலையா, திசையன்விளை. எங்க வீட்டுக்காரவுகளும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாவ. இது எங்க அம்மா காதுக்கும் போயிட்டு. அதுக்கப்புறம் அவ சாகுத வரைக்கும் எங்க வீட்டுல வந்து ஒரு வாய் காப்பி குடிக்கலக்கா. இப்ப அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. அந்த வீட்டையும் வித்தாச்சு. எங்க அத்தை இன்னும் அங்கனதான் தேடுதாவ."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷம் அந்தச் சட்டியில் மாவு அள்ளிய கை இது. வெட்கமாக இருந்தது.

"எடுத்துட்டுப் போம்மா. உங்க சட்டிதானே" என்றேன். என்னவோ தாராளமாகத் தானம் செய்கிறவள் மாதிரி!

அவள் எழுந்திருக்கவில்லை. "சட்டி எனக்கு வேண்டாம்க்கா. நீங்க வரணும். இது உங்க வீட்டுலதான் இருந்துச்சுன்னு அவுக முன்னால ஒரு வார்த்தை சொல்லணும். நான் மட்டும் கொண்டு போனா, புதுசா பேர் வெட்டிட்டு வந்துட்டான்னு சொல்லிருவாவ."

என் வீட்டுக்காரர் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"முன்னபின்ன தெரியாத பொம்பள கூட வள்ளியூருக்கா? அதுவும் எதுக்கு? நாங்கதான் எடுத்து வச்சுக்கிட்டோம்னு சொல்லுததுக்கா? பேர் தெரிஞ்சும் ஏன் இத்தன வருஷம் குடுக்கலன்னு கேட்டா என்னட்டி சொல்லுவ?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் திருடி என்று ஒரு வீட்டில் ஒரு நாள் நினைக்கப் போகிறார்கள். இவளை இருபத்தாறு வருஷம் நினைத்திருக்கிறார்கள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன். "தனியா விடமாட்டேன்" என்று அவரும் சட்டையை மாட்டினார்.

பஸ்ஸில் சட்டி சொர்ணத்தின் மடியில் உட்கார்ந்து வந்தது. நாங்குநேரி தாண்டும்வரைகூட என் வீட்டுக்காரர் அவள் எங்களை வழியில் எங்கேயாவது இறக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

இசக்கியம்மாளுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். டிவிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொர்ணம் சட்டியை அவர் காலடியில் வைத்தாள். அந்த அம்மாள் சட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வங்கியில் நான் காசோலையைப் பார்த்த அதே பார்வை.

"உங்களுக்கு இவ என்ன வேணும்?"

"உறவெல்லாம் இல்லம்மா. இன்னைக்குத்தான் பாக்கேன்."

"உறவில்லாதவளுக்கு என்னத்துக்கு பஸ் ஏறி வந்திய?"

ஏன் சும்மா? அதே கேள்வி!

நான் சொன்னேன். கல்யாணம், மண்டபம், வேன். அவர் பெயரைத் தடவிப் பார்த்தார். "காசு குடுத்தா எந்தக் கடையிலயும் வெட்டுவான்."

"'ம்' இல்லாமலா வெட்டச் சொல்லுவேன்?" என்றாள் சொர்ணம்.

"'ம்' இல்லங்கது உனக்குத் தெரியும்லா?"

என்ன ஒரு மூளை! இவர் மட்டும் எங்கள் வங்கியில் இருந்திருந்தால் ஒரு போலிக் கையெழுத்து தப்பியிருக்காது.

கடைசியில், யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன். "பேர் இருக்கது எனக்குத் தெரியும்மா. நான்தான் கேக்கல, திருப்பித் தரல. போட்டோ எடுக்கும்போதுகூட பேர் தெரியாம சுவர்ப் பக்கம் திருப்பி வச்சேன். தப்பு என்மேலதான். உங்க மருமக மேல இல்ல."

அந்த அம்மாள் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுல முந்திரிக்கொத்து இருந்துச்சே?"

அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் சொன்னார். "நான்தாம்மா தின்னேன். சுக்கு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. ஆனா நல்லா இருந்துச்சு."

தின்ற பலகாரத்தை மட்டும் ஜென்மத்துக்கும் மறக்காத மனிதர்.

இசக்கியம்மாள் அவரையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சுக்கு நான்தான் போட்டேன்" என்றார். "வேற யாரும் அம்புட்டு போடமாட்டாவ."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. மன்னிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. "சொர்ணம், வந்தவுகளுக்குக் காப்பி போடு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். சொர்ணம் ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சட்டியை எடுத்துப் போய் அடுக்களை ஷெல்ஃபில் மேல் வரிசையில் வைத்தாள். பெயர் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

"வீண் அலைச்சல்" என்றார் என் வீட்டுக்காரர், திரும்பும் பஸ்ஸில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாளுக்கு என்ன குறைந்துவிடும்?

வியாழக்கிழமை காலையில் சொர்ணத்திடமிருந்து போன்.

"அக்கா, இன்னைக்கு எங்க வீட்டுல டிவி ரிமோட் காணல."

எனக்கு பகீரென்றது. மறுபடியும் திசையன்விளையா?

"எங்க வீட்டுக்காரவுக திசையன்விளைன்னு வாயெடுத்தாவ. அத்தை ஒரு அதட்டு போட்டாவ பாருங்க! 'என்னலே சும்மா சும்மா அந்த ஊரையே இழுக்க? பாளையங்கோட்டையில போய்த் தேடு. அன்னைக்கு வந்தாள்லா ஒருத்தி, அவ பையைப் பாக்கணும்' அப்படின்னாவக்கா!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "எங்க அம்மா இதைக் கேட்டிருக்கணும்க்கா" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எனக்கு வருத்தமா? துளிகூட இல்லை. திருடிப் பட்டம் வந்து சேர வேண்டிய ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் குரூப்பில் நான் போட்ட மரியாதைப் பதிவில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிட்டேன். சும்மா கொடுப்பதற்கு முன், அது உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

போனை வைத்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, என் கைப்பையை ஒரு முறை கவிழ்த்துப் பார்த்துக்கொண்டேன்.